நூற்றைம்பது சுவர்களில் ஒரு பாலம்

மனித குலம் அழியாதது என்று சொல்லிக்கொண்ட அனைத்தையும் விஞ்சி நிற்கப்போவது, இந்த நகரத்தின் கட்டட வரிசையையும் பாலத்தையும் காட்டும் நூற்றைம்பது கலைப் புகைப்படப் பிரதிகளே. மலை தேயலாம், நதி தடம் மாறலாம், இவை மட்டும் இம்மியும் மாறா என்று நகரமன்றத்தின் கலை ஆலோசகர் மேடையில் குரல் தழுதழுக்க அறிவித்தார். அறிவித்த பதினேழாம் நாள், புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு, பாலம் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. அதோடு சேர்ந்து மணிக்கூண்டும் நகரமன்றமும் அக்கரைக்குப் போயின. அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரி தன் குவிமாடத்தோடு இக்கரைக்கு வந்தது. ஆறு மட்டும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் யாரோ மெத்தையைத் திருப்பிப் போட்டது போல இருந்தது என்று பலரும் சொன்னார்கள். அந்த நேரத்தில் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்த பால் வண்டிக்காரருக்கு முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில், கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் முதுகுக்குப் போயிருந்தது. ஸ்டியரிங் வண்டியின் மறுபக்கத்தில் இருந்தது. அவரும் அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அவரைக் கத்த வைத்தது. மணிக்கூண்டுக்கு அடியில் கடை வைத்திருந்த தையல்காரர் கதவைத் திறந்தபோது, முந்தைய நாள் தைத்து முடித்த ஆண்கள் சட்டை பன்னிரண்டிலும் பொத்தான்கள் பெண்கள் சட்டை போல மாறியிருந்தன. கத்தரிக்கோலை எடுக்கப் போனவர், தன் இடது கை தானாக நீள்வதைப் பார்த்து அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பணி நேர மருத்துவர், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவரின் நெஞ்சில் வலப் பக்கம் குழாயை வைத்துக் கேட்டார். துடிப்பே கேட்காததால், இறப்புச் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார். "டாக்டர், கொஞ்சம் இந்தப் பக்கமும் வெச்சுப் பாத்துட்டு எழுதுங்களேன்" என்று நோயாளி கேட்டுக்கொண்டார். மணிக்கூண்டின் முட்கள் பின்னோக்கி நடந்தன. எட்டு மணிக்குள் ஊரே இரு கரைகளிலும் கூடி, திறந்த வாய் மூடாமல் நின்றது.

இதற்குக் காரணமான அச்சுக்காரர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு 'இருநூறு' என்று பெயர். அவர் கடையிலிருந்து போகும் எந்தப் படத்துக்கும், பாஸ்போர்ட் அளவுப் படம் உட்பட, இருநூறு வருஷம் மங்காது என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தருவார். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று யாரும் கேட்டதில்லை. அமிலமில்லாத பருத்தித் தாள், மண்ணின் நிறமிகளால் ஆன மை, இருட்டறை, தொட்டி, உலர்த்தும் கம்பி என்று அவர் வேலை சுத்தமானது. படத்துக்குச் சட்டமும் உள் அட்டையும் வெட்டுவது அவர் மனைவி. அவர் கத்தி வைத்தால் அட்டையின் மூலை நாற்பத்தைந்து பாகைக்கு ஒரு மயிரிழை கூடாது, குறையாது. வீட்டில் பேச்சும் அதே கத்திதான்.

நகரமன்றம் இந்த நூற்றைம்பது பிரதிகளுக்கு ஏற்பாடு செய்தபோது, தேர்ந்தெடுத்தது ஒரு பழைய பெரிய பிலிம். கடைக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று போன தலைமுறையில் எவரோ ஒருவர், சரியாக ஆறு மணிக்கு எடுத்தது. பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல். எந்தப் பக்கம் தாளைப் பார்த்து இருக்க வேண்டுமோ அது மாறினால் படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிடும். அச்சுக்காரர் இருபத்தாறு வருஷமாக இதற்கு ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார். பிலிமின் ஓரத்தை ஈரமான கீழுதட்டில் வைப்பார். மங்கல் பக்கம் உதட்டில் ஒட்டும். இருட்டில் உதடு பொய் சொல்லாது. ஆனால் அன்று கலை ஆலோசகர் வீடியோ எடுக்க ஆட்களோடு வந்திருந்தார். இது வெறும் அச்சு வேலை அல்ல, ஒரு சடங்கு என்றார். அச்சுக்காரருக்கு வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, வெள்ளை முகமூடி மாட்டிவிட்டார். முகமூடிக்குள் இருந்த உதட்டுக்குப் பிலிம் எட்டவில்லை. கையுறைக்குள் இருந்த விரலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது முகமூடியை இறக்கி நாட்டின் கலைச் செல்வத்தை நக்கிப் பார்ப்பது எப்படி? அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதுதான் என்று கம்பீரமாகத் தலையசைத்து, பிலிமைப் பொருத்தினார். வீடியோவில் அந்தத் தலையசைப்பு மெதுவாக ஓட விடப்பட்டு, அடியில் வயலின் சேர்க்கப்பட்டது.

திரும்பியிருப்பதைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடியது படத்தில் ஒன்றே ஒன்று: நகரமன்றத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த மெத்தைக் கம்பெனியின் எழுத்துப் பலகை. வானத்தின் புனிதத்தை அது கெடுக்கிறது என்று ஆலோசகர் முன்பே சொல்லிவிட்டதால், அச்சுக்காரர் மெல்லிய தூரிகையால் அதைப் பிலிமிலேயே துடைத்துவிட்டிருந்தார். மணிக்கூண்டின் முகத்தில் எண்கள் இல்லை, கோடுகள்தான். ஆறு மணிக்கு முட்கள் நேர்கோட்டில் நின்றன. ஆக நூற்றைம்பது பிரதிகளும் குற்றமற்றவையாக வெளிவந்தன. இனி யாரும் பிரதி எடுக்க முடியாதபடி, நகரத் தலைவர் மேடையில் திறப்பு விழாக் கத்தரிக்கோலால் பிலிமைத் துண்டு துண்டாக நறுக்கினார். கைதட்டல் அடங்க நேரமானது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் ஒருவர் மட்டும் படத்துக்கு அருகில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அச்சுக்காரரின் மச்சான், மனைவிக்கு அண்ணன், பாலத்தின் காவலர். முப்பத்தொரு வருஷமாகப் பாலத்தின் ஆணிகளை எண்ணி, விளக்குகளைத் துடைத்து, பாலத்தடியில் மன்றம் கொடுத்த இரண்டு அறைகளில் குடியிருப்பவர். ஓய்வு பெறப் பதினொரு மாதம் பாக்கி.

"மாப்பிள்ளை, பாலம் திரும்பியிருக்கே?" என்றார் சத்தமாக. "உயரமான தூண் இடது பக்கம்ல இருக்கணும்?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அச்சுக்காரர் மச்சானின் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், இது கலை. கிட்ட நின்னு பாத்தா அப்படித்தான் தெரியும். போய் டீ குடிங்க."

"எட்ட நின்னு பாத்தாலும் அப்படித்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே மச்சான் டீ குடிக்கப் போனார். பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். அரங்கின் சன்னல் வழியாகப் பாலம் முழுசாகத் தெரிந்தது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரதிகள் ஒவ்வொன்றாகச் சுவரேறின. மன்றத்தில், வங்கியில், நீதிமன்றத்தில், பல் மருத்துவரின் வரவேற்பறையில். ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் நூற்றைம்பதாவது பிரதிக்கு ஆணி அடித்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நூற்றைம்பது சுவர்கள் ஒரு பேச்சுப் பேச, பாலம் ஒன்று மட்டும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அது பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டது.

தெருச் சத்தம் கேட்டு அச்சுக்காரர் வாயில் நுரையோடு இருட்டறைக்கு ஓடினார். ஆற்றைப் பார்த்த சன்னல் அங்கேதான் இருந்தது. கடை திறந்த நாளிலேயே அவர் அதில் கருப்புத் தாள் ஒட்டிவிட்டார். தாளைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தவருக்கு நெஞ்சு விம்மியது. குவிமாடம், குட்டைத் தூண், நெட்டைத் தூண், மணிக்கூண்டு என்று வரிசை பிசகாமல் நின்றன. "அடேயப்பா!" என்றார். "படத்துல இருக்குற மாதிரியே அச்சு அசலா இருக்கு பாரு!"

பின்னால் வந்து நின்ற மனைவி, கையிலிருந்த அட்டைக் கத்தியைக் கீழே வைத்தார். "அதாங்க எல்லாரும் கத்துறாங்க."

அச்சுக்காரருக்கு விஷயம் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் விரல் தானாகக் கீழுதட்டுக்குப் போனது. முகமூடி, கையுறை, தலையசைப்பு எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வர, காலித் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அன்று மதியம் வரை அவரை அதிலிருந்து எழுப்ப முடியவில்லை.

மன்றம் விசாரணைக் குழு அமைத்தது. பொறியாளர்கள் வந்து அளந்து, பாலத்தில் ஒரு விரிசல்கூட இல்லை, ஆனால் எல்லா மரையாணிகளும் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழல்கின்றன என்று அறிக்கை கொடுத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஊருக்குப் போனார்கள். பாலம் முன்பு எப்படி இருந்தது என்று வரைந்து காட்டும்படி குழு உறுப்பினர் ஐந்து பேரிடமும் தாள் கொடுக்கப்பட்டது. ஐந்து பாலங்கள் வந்தன. ஒன்றில் தூண் மூன்று. பழைய தபால் அட்டைகளைச் சிலர் கொண்டுவந்து காட்டினார்கள். சான்றிதழ் இல்லாத மலிவு அச்சு என்று குழு அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. கடைசியில் கலை ஆலோசகர்தான் ஒரு கேள்வி கேட்டார்: பாலம் திரும்பியிருக்கிறது என்ற வார்த்தையை, அது திரும்புவதற்குப் பதினேழு நாள் முன்பே, பொது இடத்தில், நானூறு பேர் கேட்கச் சொன்ன ஆள் யார்? அவருக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

உறுப்பினர்கள் அதிர்ந்து போனார்கள். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்கள். மச்சானுக்கு ஓலை போனது: பாலத்தைக் கவனக்குறைவாகவோ வேண்டுமென்றோ திரும்ப விட்ட குற்றத்துக்காக வேலை நீக்கம், ஓய்வூதியம் கிடையாது, குடியிருப்பைப் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், மறுப்பு இருந்தால் வரும் வெள்ளிக்கிழமை குழுவின் முன் தெரிவிக்கலாம்.

மச்சான் கடைக்கு வந்து அதைப் படித்துக் காட்டினார். "முப்பத்தொரு வருஷம் இதுங்கூடவே இருந்திருக்கேன், மாப்பிள்ளை. கல்யாணம்கூடப் பண்ணிக்கல. இதை நான் எங்க இருந்து, எப்படித் திருப்புவேன்? எந்த முனையைப் பிடிச்சுத் தூக்குவேன்?"

அச்சுக்காரர் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கனவே கழுவிய தொட்டி. மச்சான் போன பிறகு மனைவி எதிரில் வந்து நின்றார்.

"சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நூத்தைம்பதுக்கும் அட்டை வெட்டினவ நான். இருபதாவது வெட்டும்போதே தெரிஞ்சுபோச்சு."

அவர் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. "அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேனே. 'என்னங்க, இது சரியா இருக்கா?'ன்னு கேட்டேன். 'நீ சட்டத்தைப் பாரு, சட்டத்துக்குள்ள இருக்குறதை நான் பாத்துக்கிறேன்'னீங்க. சரி, பாத்துக்குவார்னு விட்டுட்டேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமை போய் உண்மையைச் சொல்லுங்க. இல்லன்னா எங்க அண்ணனுக்கு இந்த வீட்டுல இடம் கொடுக்கணும். அவர் வந்தா இடம் பத்தாது. யாராவது ஒருத்தர் கெளம்பணும். நான் இருக்கப்போறேன்."

"என் பேரு போயிடும்டி."

"பேரு இருநூறு வருஷம் தாங்கும்னு நீங்கதானே சொல்றீங்க. ஒரு வெள்ளிக்கிழமையைத் தாங்காதா?"

நகரமன்றம் இப்போது அக்கரையில் இருந்தது. பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டிய விசாரணைக்கு அச்சுக்காரர் பதினொன்றே முக்காலுக்கு, சட்டை வியர்வையில் ஒட்ட, மச்சானோடு வந்து சேர்ந்தார். குழு தாமதத்தைக் குறித்துக்கொண்டது. ஒரு பக்கச் சுவரில் முதல் பிரதி, எதிர்ச் சுவரில் சன்னல், சன்னலில் பாலம். நடுவில் நின்று அச்சுக்காரர் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு விஷயத்தை அலங்காரமில்லாமல் சொன்னார். பிலிமின் இரண்டு பக்கங்களைச் சொன்னார். உதட்டைச் சொன்னார்; எப்படி என்று நாக்கை நீட்டிக் காட்டவும் செய்தார். சுருக்கெழுத்தர் அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினார்.

"தப்பு என்னுதுங்க. என் மச்சானுக்கு இதுல சம்பந்தமே இல்ல. படம் தலைகீழா... தலைகீழா இல்ல, இடம் வலமா மாறிப்போச்சு. ஊரு அதைப் பாத்து மாறிக்கிச்சு."

நகரத் தலைவர் எழுந்து படத்தருகே போனார், சன்னலருகே போனார், மறுபடி படத்தருகே வந்தார். இவ்வளவு நேரம் யாரும் அந்தச் சன்னலில் நின்றதில்லை. "எங்கய்யா தப்பு? ஒரு செங்கல் மாறியிருந்தா காட்டும் பாக்கலாம்."

"இப்ப சரியாத்தாங்க இருக்கு. அப்ப தப்பா இருந்துச்சு."

"அதாவது, இந்த ஊரு உம்மைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கு?"

குழு சிரித்தது. கலை ஆலோசகருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கையில் நாற்பது பக்க விளக்க நூல் இருந்தது. அதில் பதினோராம் பக்கத்தில், வலது ஓரத்தில் நிற்கும் மணிக்கூண்டு இந்த நகரம் என்னும் நெடிய வாக்கியத்தின் முடிவில் நிற்கும் ஆச்சரியக்குறி என்று எழுதியிருந்தார். ஆச்சரியக்குறி வாக்கியத்தின் ஆரம்பத்தில் வருமா? நூல் மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டது. "இது கலைஞரின் மிகையான பணிவு" என்றார் அவர். "படத்தில் பிழை இல்லை. இருக்கவும் முடியாது. தலைவர் சான்றிதழில் கையெழுத்து இட்டிருக்கிறார்."

தலைவர் சட்டென்று உட்கார்ந்தார். நூற்றைம்பது சான்றிதழிலும் 'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துதான் இருந்தது.

அப்போதுதான் மச்சான் வாயைத் திறந்தார். "ஐயா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலீங்க. படம் எடுத்தது போன தலைமுறைல. படம் சரிதான்னு நீங்க சொல்றீங்க. இப்ப பாலமும் படத்துல இருக்குற மாதிரியே இருக்கு. அப்ப பாலம் எங்க திரும்புச்சு? திரும்பாத பாலத்தை நான் எப்படித் திருப்பினேன்?"

உறுப்பினர்கள் படத்தைப் பார்த்தார்கள், சன்னலைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாலம் திரும்பியது உண்மை என்றால் படம் பொய், கையெழுத்து பொய், நாற்பது பக்கம் பொய், நூற்றைம்பது பெரிய மனிதர்களின் சுவர்கள் பொய். படம் மெய் என்றால் எதுவுமே நடக்கவில்லை. சுவர்க் கடிகாரம் பின்னோக்கி நான்கு நிமிடம் நடந்தது. பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைச் சொல்ல, சுருக்கெழுத்தர் இடது கையால் எழுதினார்: பாலமும் அதைச் சார்ந்த கட்டடங்களும் எப்போதும் இருந்தபடியே இருக்கின்றன, காவலர் மீது குற்றம் ஏதுமில்லை, அச்சுக்காரரின் பணிவைப் பாராட்டி மன்றம் ஒரு பத்திரம் வழங்கும். அச்சுக்காரர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அதையும் பணிவு என்று குறித்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னால் தலை போகும் என்று மூன்று வாரம் பயந்து செத்தவருக்கு, உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை என்பது தாங்க முடியாத அதிர்ச்சியாக இருந்தது. நன்றாகத் தேறி எழ அவருக்கு ஒரு பருவம் ஆனது. ஊருக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. மெத்தைக் கம்பெனிக்காரர் அந்தப் புதன்கிழமையோடு காணாமல் போன தன் பலகையைக் கேட்டு இரண்டு மனு போட்டார். அப்படி ஒரு பலகை எந்தப் படத்திலும் இல்லை என்று பதில் வந்ததும் புதிதாக ஒன்று செய்து மாட்டிக்கொண்டார். தையல்காரர் இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கினார். வரைபடங்கள் திருத்தப்பட்டன, திருத்தம் என்ற சொல் இல்லாமல். மணிக்கூண்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பின்னோக்கி மணி பார்க்கக் கற்று, அப்படித்தான் எல்லா ஊரிலும் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்து, வெளியூர் வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே தாமதமானார்கள். மச்சான் பதினொரு மாதமும் முடித்து, முழு ஓய்வூதியத்தோடு விடைபெற்றார்; கடைசி நாள் எல்லா ஆணிகளையும் எதிர்ப்பக்கமாக ஒரு முறை இறுக்கிவிட்டுப் போனார். அச்சுக்காரரின் மனைவி வீட்டிலேயே இருந்தார். அச்சுக்காரரும் இருந்தார். பாலம் திரும்பிய நாளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால் ஊரார், ஆமாம், ஒரு புதன்கிழமை, என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அச்சுக்காரர் ஏன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்கு உயரம் என்றால் பயம். மன்றம் இக்கரையில் இருந்தவரை அவர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பாலத்தில் கால் வைத்ததில்லை. அன்று போகும்போதும் வரும்போதும் மச்சானின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, முழு நீளத்துக்கும் கண்ணை மூடியே நடந்தார்.